நிபந்தனையற்ற சரணாகதி

‘நிபந்தனையற்ற சரணாகதி’ என்ற தொடர் நம்மில் பலருக்குப் பழக்கமானது. இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் நம் பாட்டன்மார் செய்தித்தாள்களில் அடிக்கடி படித்த தொடர் அது. நெடுங்காலம் அதிகம் வழங்காமல் கிடந்த அத்தொடர், 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திடீரென்று மறுபடியும் உலகின் காதில் விழுந்தது. இஸ்ரேலும் ஈரானும் போரிட்டுக் கொண்டிருந்த வேளையில், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஈரானை நோக்கி இவ்விரண்டு சொற்களை மட்டும் எழுதி வெளியிட்டார். ஒரு வாரம் கழிந்தது. போர்நிறுத்தம் வந்தது, சரணாகதி வரவில்லை. அவ்வாறாயின் அக்கோரிக்கைக்குப் பொருள்தான் என்ன? பகைவன் எந்த நிபந்தனையும் பேசாமல் அடிபணிய வேண்டும் என்று கேட்பது இக்காலப் போர்முறைக்கு ஏற்றதா? இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, எப்பொருளையும் சொல்லின் வழியாக அணுகுவதே வழக்கமாகிவிட்டது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் ‘சரண்டர்’ என்ற சொல்லுக்கு ஒப்படைத்துவிடுதல் என்பதே அடிப்படைப் பொருள். வீட்டைக் காலி செய்கிறவர் சாவியைக் கொடுத்துவிடுவது போன்றது அது. வட மாநிலங்களில் வாழும் நம்மவர் இந்திப் பத்திரிகைகளில் ‘ஆத்மசமர்ப்பண்’ என்று படித்திருப்பார்கள். தன்னையே காணிக்கையாக்குதல் என்பது அதன் சொற்பொருள். தமிழ்ப் பத்திரிகைகளோ ‘சரணாகதி’ என்கின்றன. விபீஷணன் இராமனை அடைந்த கதையை அறிந்தவர்களுக்கு, இச்சொல் அடைக்கலம் புகுதலையே நினைவூட்டும். அடைக்கலம் புகுந்தவனைக் காப்பது அடைக்கலம் தந்தவனின் கடமை. ஆகவே தமிழில் ‘சரணாகதி’ என்று சொல்லும்போதே, தோற்றவனுக்கு ஏதோ ஓர் உறுதிமொழி கிடைத்துவிட்டது போன்ற தொனி அதில் அமைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு இலக்கணப்படி இதைப் பிழை என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் பிழையான மொழிபெயர்ப்பே நடந்தவற்றுக்கு அதிகம் பொருந்துகிறது.

இத்தொடரை உலகப் புகழ் பெறச் செய்தவர் அமெரிக்கத் தளபதி கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஆம் ஆண்டு பிப்ரவரி 16 ஆம் நாள், டென்னசி மாநிலத்தில் டோனல்சன் என்ற கோட்டையை அவர் முற்றுகையிட்டிருந்தார். கோட்டைக்குள் இருந்த தென்படைத் தளபதி பக்னர், என்ன நிபந்தனைகளின்பேரில் சரணடையலாம் என்று கேட்டு எழுதினார். பக்னர் கிராண்டுக்குப் பழைய நண்பர். கிராண்டின் கையில் பணமில்லாதிருந்த காலத்தில் உதவியவர். இருந்தும், உடனடியான, நிபந்தனையற்ற சரணாகதியைத் தவிர வேறெதையும் ஏற்பதற்கில்லை என்று கிராண்ட் பதில் அனுப்பினார். பக்னர் வேறு வழியின்றிப் பணிந்தார். கிராண்டின் பெயரிலிருந்த யூ, எஸ் என்ற இரண்டு முதலெழுத்துக்களும் ஆங்கிலத்தில் இத்தொடரின் முதலெழுத்துக்களாகவும் அமைந்திருந்தபடியால், அதுவே அவருக்குப் பட்டப் பெயராகிவிட்டது.

ஆனால் அதே கிராண்ட், மூன்றாண்டுகள் கழித்து, 1865 ஏப்ரல் 9 ஆம் நாள், தென்னவரின் தலைமைத் தளபதி லீ அப்பொமாட்டக்ஸ் என்ற சிற்றூரில் அவரிடம் சரணடைந்தபோது நடந்துகொண்ட விதம் வேறு. அதிகாரிகள் தம் இடைவாளையும் கைத்துப்பாக்கியையும் வைத்துக்கொள்ளலாம். இனிப் போரிடுவதில்லை என்று வாக்களித்து வீடு திரும்பலாம். சொந்தக் குதிரை வைத்திருந்த வீரர்கள் அதை ஓட்டிக்கொண்டு போகலாம், ஏனெனில் அது உழவுப் பருவம். பட்டினி கிடந்த தென்படைக்கு 25,000 பேருக்கான உணவுப் பங்கும் அளிக்கப்பட்டது. பட்டப் பெயர் ஒரு விதம், செயல் இன்னொரு விதம்! இவ்வரலாற்றை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1943 ஜனவரியில் மொராக்கோ நாட்டுக் காசாபிளாங்கா நகரில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சிலும் சந்தித்தனர். 24 ஆம் நாள் பத்திரிகையாளரிடம் பேசும்போது, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றும் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்று ரூஸ்வெல்ட் அறிவித்தார். கிராண்டின் பட்டப் பெயர் அப்போது திடீரென்று தம் நினைவுக்கு வந்தது என்று பிறகு அவர் வேடிக்கையாகக் கூறியதுண்டு. ஆயினும் அவர் கையில் வைத்திருந்த குறிப்பிலேயே அத்தொடர் எழுதப்பட்டிருந்தது. சர்ச்சிலும் தம் மந்திரி சபையை முன்கூட்டியே கலந்திருந்தார்.

அக்கோரிக்கைக்கு வலுவான காரணங்கள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. 1918 இல் ஜெர்மனி போர்நிறுத்தம் கேட்டபோது, அமெரிக்க ஜனாதிபதி வில்சன் வெளியிட்டிருந்த பதினான்கு அம்சங்களை நம்பியே கேட்டது. பின்னர் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் வந்ததும், ‘எங்கள் சேனை களத்தில் தோற்கவில்லை; வாக்குறுதி கொடுத்து ஏமாற்றினார்கள்; உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்தினார்கள்’ என்ற கதை ஜெர்மனியில் பரவியது. அக்கதையை உரமாகக்கொண்டு வளர்ந்தவர் ஹிட்லர். இம்முறை அத்தகைய கதைக்கு இடம் வைக்கக்கூடாது என்று நேச நாடுகள் எண்ணின. மற்றொரு காரணம் ரஷ்யா. ஸ்டாலின் காசாபிளாங்காவுக்கு வரவில்லை. மேற்கு நாடுகள் தமக்குத் தெரியாமல் ஜெர்மனியோடு தனி உடன்பாடு செய்துகொள்ளுமோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. அந்த ஐயத்தைப் போக்குவதற்கும் இவ்வறிவிப்புப் பயன்பட்டது.

இதனால் விளைந்த தீமையையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் 1943 ஜூலை 25 ஆம் நாள் முசோலினி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். புதிய சர்க்கார் போரிலிருந்து விலக விரும்பியது. ஆனால் எவ்வாறு விலகுவது, என்ன கிடைக்கும் என்ற இரகசியப் பேச்சிலேயே வாரங்கள் கழிந்தன. செப்டம்பர் 3 ஆம் நாள் சிசிலித் தீவில் உடன்படிக்கை கையெழுத்தாகி, 8 ஆம் நாள் வெளியிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஜெர்மானியச் சேனை இத்தாலிக்குள் பெருகிவிட்டது. இத்தாலியில் போர் ஓய 1945 மே 2 ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மலைகளில் போரிட்டு மாண்டவர்களில் நம் இந்தியப் படைவீரர்களும் உண்டு. இவ்வளவுக்கும் ‘நிபந்தனையற்ற’ என்ற அச்சொல்லே முழுக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆனால் அச்சொல் பேச்சை எளிதாக்கவில்லை என்பது நிச்சயம்.

ஜெர்மனியைப் பொறுத்தவரை, அறிவிப்பு வெளிவந்ததும் நாஜிப் பிரசார மந்திரி கெப்பெல்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். ‘தோற்றால் நீங்கள் அனைவரும் அடிமைகள்’ என்று தம் மக்களை அச்சுறுத்துவதற்கு அது அவருக்குக் கிடைத்த வரம். ஹிட்லரை வீழ்த்தச் சூழ்ந்த ஜெர்மானிய அதிகாரிகளுக்கும், வீழ்த்தியபின் நாட்டுக்கு எதைப் பெற்றுத் தருவோம் என்று சொல்ல வழியில்லாமற் போயிற்று. எனினும் இங்கே நம் கருத்து என்னவெனில், ஹிட்லரின் ஜெர்மனியோடு பேசி முடித்திருக்கக்கூடிய சமாதானம் எதுவும் இல்லை. முகாம்களில் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்று குவித்த ஓர் அரசுக்கு என்ன நிபந்தனையை அனுமதிப்பது? 1945 மே 7 ஆம் நாள் ரீம்ஸ் நகரிலும் 8 ஆம் நாள் பெர்லினிலும் ஜெர்மானியத் தளபதிகள் கையெழுத்திட்டனர். ஜூன் 5 ஆம் நாள் நான்கு வல்லரசுகள் ஜெர்மனியின் முழு ஆட்சியதிகாரத்தையும் தம் கையில் எடுத்துக்கொண்டன. சொல்லுக்குச் சொல் நிறைவேறிய நிபந்தனையற்ற சரணாகதி அது. அதுபோன்றது அதற்குமுன் அரிது. அதற்குப்பின் நடந்ததாகச் சொல்வதற்கில்லை.

ஜப்பானின் கதை இதைவிடச் சிக்கலானது; மொழிபெயர்ப்பாளர்களாகிய நம்மைத் தூங்கவிடாத கதையும் அதுவே.

1945 ஜூலை 26 ஆம் நாள், அமெரிக்கா, பிரிட்டன், சீனா ஆகிய மூன்றும் போட்ஸ்டாம் பிரகடனத்தை வெளியிட்டன. அதன் கடைசிப் பகுதி ஜப்பானிய ஆயுதப் படைகளின் நிபந்தனையற்ற சரணாகதியைக் கோரியது. நாட்டின் சரணாகதி என்று சொல்லாமல் படைகளின் சரணாகதி என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். மேலும், அதே பிரகடனம் தன் நிபந்தனைகள் இவை என்று சொல்லி வரிசையாகச் சில உறுதிமொழிகளையும் தந்தது. ஆயுதம் களையப்பட்ட வீரர்கள் வீடு திரும்பலாம்; ஜப்பானியர் ஓர் இனமாக அடிமைப்படுத்தப்பட மாட்டார்கள்; அமைதியை நாடும் சர்க்கார் ஒன்று மக்கள் விருப்பப்படி அமைந்ததும் அந்நியப் படைகள் வெளியேறும். இவையெல்லாம் இருந்தும், ஜப்பானியர் எதை அறிய விரும்பினார்களோ அது மட்டும் அதில் இல்லை. சக்கரவர்த்தியின் நிலை என்ன? இப்போதைய அரச வம்சத்தின்கீழ் அரசியல் சட்டத்துக்குட்பட்ட முடியாட்சி தொடரலாம் என்ற வாசகம் அமெரிக்க யுத்த மந்திரி ஸ்டிம்சனின் நகலில் இருந்தது. இறுதி வடிவில் அது நீக்கப்பட்டது.

28 ஆம் நாள் ஜப்பானியப் பிரதம மந்திரி சுசுகி பத்திரிகையாளரைச் சந்தித்தார். பிரகடனத்தைப்பற்றிக் கேட்டபோது அவர் கூறிய விடையில் ‘மொகுசாட்சு’ என்ற சொல் இடம்பெற்றது. ‘மொகு’ என்றால் மௌனம். ‘சாட்சு’ என்றால் கொல்லுதல். மௌனத்தால் கொல்லுதல், அதாவது வாய் திறவாதிருத்தல் என்றும் கொள்ளலாம். இகழ்ந்து புறக்கணித்தல் என்றும் கொள்ளலாம். ஜப்பானியச் செய்தி நிறுவனம் தன் ஆங்கிலச் செய்தியில் ‘புறக்கணிக்கிறோம்’ என்ற பொருளில் அதை அனுப்பியது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் ‘நிராகரித்தார்’ என்று போட்டன. ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. ஒரு சொல்லின் தவறான மொழிபெயர்ப்பே ஹிரோஷிமாவை அழித்தது என்று நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் மாநாடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். தொழிலின் பெருமைக்கு அது உகந்த கதைதான். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. அணுகுண்டைப் பயன்படுத்தும் உத்தரவு ஜூலை 25 ஆம் நாளே, பிரகடனம் வெளிவருவதற்கு முன்பே, பிறப்பிக்கப்பட்டிருந்தது. சுசுகி வேறு சொல்லைக் கையாண்டிருந்தாலும், ‘ஏற்கிறோம்’ என்று சொல்லும் நிலையில் அவருடைய மந்திரி சபை அன்று இல்லை.

உண்மையிலேயே மொழிபெயர்ப்பாளனின் பேனா சரித்திரத்தைத் தொட்டது இரண்டு வாரம் கழித்து. ஆகஸ்ட் 9 ஆம் நாள் ரஷ்யாவும் போரில் இறங்கியது. நாகசாகியிலும் குண்டு விழுந்தது. 10 ஆம் நாள் ஜப்பான், சக்கரவர்த்தியின் ஆளும் உரிமைக்குப் பங்கம் வராது என்ற புரிதலோடு பிரகடனத்தை ஏற்பதாகத் தெரிவித்தது. கவனியுங்கள்: இது நிபந்தனையுள்ள சரணாகதி. 11 ஆம் நாள் அமெரிக்க ராஜாங்க மந்திரி பர்ன்ஸ் மறுமொழி அனுப்பினார். ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. சக்கரவர்த்தியின் அதிகாரமும் ஜப்பானியச் சர்க்காரின் அதிகாரமும் நேசப்படைத் தலைமைத் தளபதிக்கு ‘சப்ஜெக்ட் டு’ என்று அதில் எழுதியிருந்தது.

இந்த ‘சப்ஜெக்ட் டு’ நம் அலுவலக மேசையில் நாள்தோறும் வந்து விழும் தொடர். ‘விதிகளுக்கு உட்பட்டு’, ‘மேலதிகாரியின் ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்று எழுதித் தள்ளிவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவோம். தோக்கியோவில் அன்று அது அவ்வளவு இலேசான காரியமாக இல்லை. வெளிநாட்டு இலாகாவினர் அதை ‘வரம்புக்குள் அமையும்’ என்ற பொருள்பட மென்மையாக மொழிபெயர்த்தனர். இராணுவத்தாரோ ‘அடிமைப்பட்டிருக்கும்’ என்ற பொருள்பட மொழிபெயர்த்துக்கொண்டு, இதை ஏற்பதைவிட இறுதிவரை போரிடுவதே மேல் என்றனர். ஒரே ஆங்கிலத் தொடர்; இரண்டு மொழிபெயர்ப்புகள்; ஒன்றின் பக்கம் சமாதானம், மற்றொன்றின் பக்கம் இன்னும் பல இலட்சம் உயிர்கள். சக்கரவர்த்தி சமாதானத்தின் பக்கம் நின்றார். 14 ஆம் நாள் முடிவாயிற்று.

மறுநாள் நண்பகலில் நடந்ததை வானொலி நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரவர்த்தியின் குரலை ஜப்பானிய மக்கள் அதுவரை வானொலியில் கேட்டதேயில்லை. 14 ஆம் நாள் இரவு அவருடைய உரை இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. அதை ஒலிபரப்பவிடாமல் தடுப்பதற்காக அன்றிரவே சில இளம் அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து தேடினார்கள், தட்டுகள் அகப்படவில்லை. 15 ஆம் நாள் நண்பகல் நாடு முழுவதும் மக்கள் வானொலிப் பெட்டியின்முன் தலைகுனிந்து நின்று கேட்டனர். உரை அரண்மனை வழக்கிலிருந்த கடின நடையில் அமைந்திருந்தது, பலருக்கு விளங்கவில்லை. ‘சரணாகதி’ என்ற சொல்லும் அதில் இல்லை. நேச நாடுகளின் பிரகடனத்தை ஏற்றோம் என்றே இருந்தது. பிறகு அறிவிப்பாளர் எளிய நடையில் விளக்கினார். ஆயினும் அந்தக் குரல் கட்டளையிட்டதனால், சீனா முதல் பசிபிக் தீவுகள்வரை சிதறிக் கிடந்த இலட்சக்கணக்கான வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தனர். கட்டளை வந்து சேராதவரை வைக்காதவர்களும் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு லுபாங் தீவில் ஒளிந்திருந்த ஒனோடா என்ற அதிகாரி, தம் பழைய மேலதிகாரி நேரில் வந்து உத்தரவைப் படித்துக் காட்டிய பிறகே, 1974 மார்ச்சு மாதத்தில் துப்பாக்கியை ஒப்படைத்தார்.

சக்கரவர்த்தியின் பதவியோ பறிக்கப்படவில்லை. 1947 அரசியல் சட்டத்தின்படி அவர் நாட்டின் சின்னமாகி, 1989 ஜனவரியில் மறையும்வரை அரியணையில் இருந்தார். ஆக, ஜப்பான் கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. கொடுப்பதாக முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவே. முன்பே சொல்லியிருந்தால் போர் சில வாரம் முன்னதாக முடிந்திருக்குமா என்ற வாதம் சரித்திர ஆசிரியர்களிடையே இன்னும் ஓயவில்லை. நாம் அதற்குத் தீர்ப்புக் கூறத் துணியவில்லை. ஆனால் அந்தச் சில வாரம் யாருடையவை என்பதை எண்ணிப் பார்க்கலாம். மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். பிழைத்தவர்களுக்குப் போரின் முடிவு எந்த நிபந்தனையோடு வந்தது என்பதைவிட எந்த நாளில் வந்தது என்பதே பெரிதாக இருந்திருக்கும்.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சரணடையச் செய்ய வேண்டுமானால், ‘சரணடையுங்கள்’ என்று தன் படைக்குக் கட்டளையிடும் அதிகாரம் உடைய ஒருவர் மறுபக்கத்தில் எஞ்சியிருக்க வேண்டும். அவரை எஞ்சவிடுவதே முதல் நிபந்தனை. வென்றவர் வாயால் ‘நிபந்தனையில்லை’ என்று சொல்லிக்கொண்டே கையால் அதைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

யுத்தத்துக்குப்பின் சட்டமும் மாறியது. சரணடைந்தவனுக்கு உயிர்ப்பிச்சையில்லை என்று அறிவிப்பதை 1907 ஹேக் விதிகளே தடைசெய்திருந்தன. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் அதற்கும் மேலே போய், போர்க்கைதி தன் உரிமைகளைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டாலும் அது செல்லாது என்கின்றன. எனவே இன்று எந்த வீரனும் சட்டத்தின் கண்ணில் நிபந்தனையற்றுச் சரணடைய முடியாது. தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நம் நாட்டு நீதிபதி ராதா பினோத் பால், சரணாகதியினால் வென்றவருக்கு எல்லையற்ற அதிகாரம் வந்துவிடுவதில்லை என்று 1948 இலேயே வாதித்தார்.

சட்டத்தைவிடப் பெரிய மாறுதல் ஆயுதத்தில் ஏற்பட்டது. 1945 இல் அணுகுண்டு ஒரே நாட்டின் கையில் இருந்தது. இன்று ஒன்பது நாடுகளிடம் இருக்கிறது. அத்தகைய நாடு ஒன்றை நோக்கி ‘உன் அரசே இராது’ என்று சொன்னால், இழப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையில் அது என்ன செய்யும்? 1999 இல் கார்கில் போரின்போது நம் விமானப்படை கட்டுப்பாட்டு எல்லைக்கோட்டைத் தாண்டக்கூடாது என்று ஆணையிடப்பட்டிருந்தது. ஊடுருவியவரை வெளியேற்றுவதே குறிக்கோள். அதற்குமேல் எதுவும் கோரப்படவில்லை.

அளவு மீறிக் கோரினால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியா சான்று. 1950 இல் வடகொரியாவின் படையெடுப்பை முறியடித்ததும், தளபதி மக்கார்தர் அக்டோபர் முதல் நாள் வடகொரியப் படை முழுவதும் சரணடைய வேண்டும் என்று அறிவித்தார். அதே வாரத்தில் சீனப் பிரதம மந்திரி சூ என்லாய், பீகிங்கில் நம் தூதராக இருந்த கே. எம். பணிக்கரை நள்ளிரவில் அழைத்து, அமெரிக்கப் படை 38 ஆம் இணைகோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று தெரிவித்தார். பணிக்கர் அனுப்பிய எச்சரிக்கையை வாஷிங்டனில் பொருட்படுத்தவில்லை. அம்மாத இறுதிக்குள் சீனப் படைகள் களத்தில் இருந்தன. மேலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் போரிட்டு, 1953 ஜூலை 27 ஆம் நாள் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, எல்லை ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. நாடு திரும்ப மறுத்த கைதிகளின் பிரச்னையைத் தீர்க்க நம் தளபதி திம்மய்யா தலைமையில் ஆணைக்குழு ஒன்று அங்கே சென்றது.

இராக்கில் நேர்ந்தது இதற்கு மறுதலை. 2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தது. ஆனால் சரணடைய ஒருவரும் வரவில்லை. சர்க்கார் கலைந்து மறைந்துவிட்டது. மே 23 ஆம் நாள் இராக்கியப் படையையும் அமெரிக்க நிர்வாகமே கலைத்துவிட்டது. இலட்சக்கணக்கான வீரர்கள் சம்பளமின்றி வீடு சென்றார்கள். பலர் துப்பாக்கியையும் கொண்டுசென்றார்கள். அடுத்த ஆண்டுகளின் கலகத்தை யாரும் கட்டளையிட்டு நிறுத்த இயலவில்லை, கட்டளையிடத் தகுந்தவர் எவருமில்லை. தலைமையகமோ சீருடையோ இல்லாத ஆயுதக் குழுக்களிடம் சரணாகதி கோருவதில் உள்ள தொல்லையும் இதுவே.

அவ்வாறானால் இக்கோரிக்கை முற்றிலும் காலாவதியாகிவிட்டதா? இல்லை என்பதே நம் எண்ணம். ஓர் அரசை நோக்கியன்றி, ஒரு களத்தில் சூழப்பட்ட படையை நோக்கி, பாதுகாப்புக்கான உறுதிமொழியோடு சேர்த்துக் கோரினால் அதற்கு இன்றும் பொருளுண்டு. அதற்குச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது.

1971 டிசம்பரில், கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் படை நாற்புறமும் சூழப்பட்டிருந்தது. நம் தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா — பிற்காலத்தில் நீலகிரியில் குடியேறி வாழ்ந்தவர் — வானொலி மூலமாகவும் துண்டுப் பிரசுரங்கள் மூலமாகவும் அப்படையினருக்குச் செய்தி விடுத்தார். ‘சூழப்பட்டுவிட்டீர்கள்’ என்ற எச்சரிக்கை அதில் ஒரு பாதி. சரணடைந்தால் ஜெனீவா ஒப்பந்தப்படி நடத்தப்படுவீர்கள் என்ற உறுதி மற்றொரு பாதி. 16 ஆம் நாள் காலை தளபதி ஜேக்கப் சரணாகதிப் பத்திரத்தின் நகலுடன் டாக்காவுக்குப் பறந்தார். பாகிஸ்தான் தளபதி நியாஜி எதிர்பார்த்தது வெறும் போர்நிறுத்தம். பத்திரத்தைக் கண்டதும் அவர் கண்ணீர் விட்டார் என்று ஜேக்கப் தம் நூலில் எழுதியிருக்கிறார். அன்று மாலை 4.31 மணிக்கு ரம்னா மைதானத்தில் நியாஜியும் நம் தளபதி அரோராவும் கையெழுத்திட்டனர். சிறிது நேரத்தில் பிரதம மந்திரி இந்திரா காந்தி பாராளுமன்றத்தில், மேற்குப் பாகிஸ்தான் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைந்தன என்று அறிவித்தார்.

ஆனால் பத்திரத்தைப் படித்துப் பார்த்தால், ‘நிபந்தனையற்ற’ என்ற சொல் அதில் இல்லை. சரணடைந்தவர்கள் வீரர்களுக்குரிய கண்ணியத்தோடு நடத்தப்படுவார்கள். அவர்களுடைய உயிருக்கும் நலத்துக்கும் உத்தரவாதம் உண்டு. அந்நியர்க்கும் சிறுபான்மையினர்க்கும் மேற்குப் பாகிஸ்தானைச் சேர்ந்தவர்க்கும் பாதுகாப்பு அளிக்கப்படும் என்ற வாசகங்கள் இருக்கின்றன. பாராளுமன்றத்தில் கூறியதும் பொய்யன்று. நியாஜி எதையும் பேரம் பேசிப் பெறவில்லை; பெற்றவை வென்றவர் தாமாக எழுதிக் கொடுத்தவை. மறுநாள் மாலை மேற்கு முனையிலும் இந்தியா தானாகவே போரை நிறுத்திக்கொண்டது. பாகிஸ்தான் அரசின் சரணாகதியை யாரும் கேட்கவில்லை.

இவ்வுறுதிமொழிக்கு ஒரு விலையும் இருந்தது; அதை மறைப்பது முறையன்று. ஒன்பது மாதக் காலம் வங்க மக்கள் அனுபவித்த கொடுமைக்குக் காரணமானவர்கள் என்று 195 கைதிகளைத் தன் நாட்டில் விசாரிக்க வங்காளதேசம் விரும்பியது. இழப்புக்கு ஆளான குடும்பங்களின் கண்ணோட்டத்தில் அது நியாயமான விருப்பமே. 1974 ஏப்ரல் 9 ஆம் நாள் புதுதில்லியில் மூன்று நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவ்விசாரணை கைவிடப்பட்டது. கைதிகளாகப் பிடிபட்டிருந்த ஏறத்தாழ 93,000 பேரும், அவர்களில் சிவிலியன்களும் உண்டு, தவணை தவணையாக ரயிலில் வாகா எல்லைக்கு அனுப்பப்பட்டு வந்தனர். ஏப்ரல் 30 ஆம் நாள், எல்லோருக்கும் கடைசியாக, நியாஜியும் அந்த எல்லையைக் கடந்து சென்றார்.